இருபது செய்திக்கு மட்டும் இடம்

மடக்கு ஃபோன் வைத்திருப்பவரைப் பார்த்தால் உலகத்துக்கு இரண்டே எண்ணம்தான் தோன்றுகிறது. ஒன்று, ஐயோ பாவம். இன்னொன்று, சரியான கஞ்சன். புத்தகங்களுக்கு அட்டை போடுகிற பைண்டர் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவருக்கு அந்த ஃபோன் போதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

நல்ல ஃபோன் அது. திறந்தால் பேசலாம், மூடினால் பேச்சு நின்றுவிடும். சண்டையில் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு டப்பென்று மூடுகிற சுகம் இப்போது வருகிற எந்த ஃபோனிலும் கிடையாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு நாள் தாங்கும். கீழே போட்டால் தரைக்குத்தான் அடிபடும். கேமராவும் உண்டு, ஆனால் அதில் எடுத்த படத்தில் மனிதர் எது, மரம் எது என்று எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். கீல் ஆட ஆரம்பித்தபோது பைண்டர் கலங்கவில்லை. புத்தக முதுகுக்கு ஒட்டுகிற காடாத் துணியில் ஒரு பட்டை கத்தரித்துப் பசை தடவி ஒட்டினார். அன்றிலிருந்து அது ஒரு குட்டிப் புத்தகம் மாதிரி திறந்து மூடியது.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். உள்பெட்டியில் இருபது செய்திக்கு மேல் இடம் கிடையாது. இருபத்தோராவது வந்தால் மூடியின் மேலுள்ள சின்னக் கண்ணாடியில் ஒரு தபால் உறை கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பதில் ஒன்றை அழித்தால்தான் அது உள்ளே வரும்.

பைண்டரின் உள்பெட்டியில் சரியாக இருபது இருந்தன. இருபதும் அவர் மனைவி அனுப்பியவை. அவள் போய் மூன்று வருஷமாகிவிட்டது.

காவியம் ஒன்றும் எழுதிவிடவில்லை அவள். அவர் கடையில் அட்டை போடுவார், அவள் வீட்டில் உட்கார்ந்து தாள்களைக் கட்டுக் கட்டாகத் தைப்பாள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே போய்வந்த சேதிகள்தான் எல்லாம். மழை வருது, கடைக்கு வெளிய காயுற அட்டைய எடுத்து உள்ள வைங்க. சாவி பக்கத்து வீட்டுல. என் தங்கச்சி வந்திருக்கா, சீக்கிரம் வாங்க, ஆனா நான் சொல்லித்தான் வந்தீங்கன்னு காட்டிக்காதீங்க. ஒரு மத்தியானம் அனுப்பியது: கோபமா இருக்கேன், ஃபோன் பண்ணாதீங்க. நாலு நிமிஷம் கழித்து அடுத்தது: ஏன் ஃபோன் பண்ணல? இன்னொன்றில் எழுத்தே கிடையாது. கைதவறிப் பொத்தானை அமுக்கி, வெறுஞ்செய்தியாக வந்தது. அதையும் வைத்திருந்தார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, பசை காயும் நேரத்தில், இருபதையும் ஒரு சுற்றுப் படிப்பார். மனப்பாடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் திரையின் மூலையில் கறுப்பாக ஒரு கறை விழுந்திருந்தது. மை கொட்டினதுபோல மாதத்துக்கு ஒரு வரியாக அது விழுங்கிக்கொண்டு வந்தது. ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் செய்திக் காப்பு இயக்ககத்தின் அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. பழைய ஃபோன்களில் இருக்கும் அன்பானவர்களின் செய்திகளைத் தேதி, நேரத்தோடு, வந்தது வந்தபடி அச்சிட்டு, முத்திரையிட்டு, புத்தகமாக்கி, என்றென்றைக்கும் பாதுகாத்துத் தருவார்களாம்.

பைண்டருக்கு அந்த இயக்ககத்தின் மேல் அசைக்க முடியாத மரியாதை. காரணம், அவர்களுடைய புத்தகங்களை பைண்டு செய்கிறவரே அவர்தான். இதுவரை முந்நூற்று நாற்பது தொகுதிகள். பச்சைக் காடா, பொன்னெழுத்து. அச்சான பக்கம் உள்ளே போகும்படி மடித்த தாள்களாக வரும். முதுகைத் தைத்து, அட்டை போட்டு அனுப்புவார். ஒரு வரி படித்ததில்லை. அடுத்தவர் சமாசாரத்தைப் படிக்கிற பைண்டருக்கு வேலையும் நடக்காது, மரியாதையும் இருக்காது என்பது அவர் கொள்கை.

"எவ்வளவு நல்ல காகிதம் தெரியுமா? நூறு வருஷம் ஆனாலும் பழுக்காது" என்றார் கொழுந்தியாளிடம். இறந்துபோன மனைவியின் தங்கை அவள். வாரத்துக்கு ஒரு நாள் வந்து வீட்டைக் கூட்டி, அவரை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போவாள்.

"எல்லாத்தையும் என் ஃபோன்ல படம் புடிச்சுத் தரேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் அவள். "எதுக்கு அத்தான் அங்க எல்லாம் போய் நிக்கணும்?"

"படம் வேற, முத்திரை வேறம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இயக்ககம் நாலு மாடி. வாசலில் "உங்கள் நினைவு, எங்கள் பொறுப்பு" என்று ஆள் உயர எழுத்து. உள்ளே வரிசையாக நாற்காலிகள், எல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்தவை. ஒருவர் பெருமூச்சு விட்டால் எட்டுப் பேர் ஆடுவார்கள். பைண்டருக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். "இந்தச் செய்திகளுக்கு வேறெங்கும் நகல் இல்லை, இனி எடுக்கவும் மாட்டேன்" என்று அதில் ஓர் உறுதிமொழி. நகல் இருந்தால் அசல் அசலாக இருக்காதாம். பைண்டர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்துக்கு மாறாக நடக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் நம்பரைக் கேட்டாள். "ஓடிபி வரும், பாத்துச் சொல்லுங்க."

மூடிமேல் தபால் உறை கண்சிமிட்டியது.

"வந்துச்சா?"

"வாசல்ல நிக்குது. உள்ள இடமில்லம்மா. இருபதுதான் புடிக்கும்."

"அப்ப ஒண்ண அழிங்க."

"அதப் பத்திரப்படுத்தத்தாம்மா வந்திருக்கேன்."

"பத்திரப்படுத்தணும்னா ஓடிபி வேணும். ஓடிபி வரணும்னா இடம் வேணும். இடம் வேணும்னா அழிக்கணும். நான் என்ன உங்களுக்கு எதிரியா?"

எதிரி இல்லைதான். தன் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்து, அவர் ஃபோனை ஊன்றிக்கொள்ள இடம்கூடக் கொடுத்தாள். பைண்டர் மேலும் கீழுமாகப் புரட்டினார். இருப்பதிலேயே அற்பமானது எது என்று பார்த்தார். தினமும் படிக்கும்போதுகூட அவர் விரல் நிற்காமல் தாண்டிப் போகிற ஒன்று இருந்தது.

பழுப்பு நூல் ரெண்டு கண்டு வாங்கிட்டு வாங்க. வெள்ளை வேண்டாம், வீட்டுல நிறைய கிடக்கு.

நூல் சமாசாரம்தானே என்று அதை அழித்தார். ஆறு இலக்க எண் ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இனிமேல் இந்த எண்ணை அழித்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். பைண்டரும் அப்படித்தான் நினைத்துப் பொத்தானில் கை வைத்தார். கவுண்டர் அம்மாள் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: "இயக்ககம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் இயக்ககத்தின் ஆவணம். அழித்தால் மனு ரத்து. ஒரு நாளைக்குள் திறந்து படிக்காவிட்டாலும் ரத்து. ரத்தான மனுவை மறுபடி தர முடியாது."

அடுத்த நாள், முதலில் வந்த ஓடிபி கிடைத்ததா என்று உறுதிசெய்ய இரண்டாவது ஓடிபி வந்தது. அதற்கு இடம் விட்டு, சாவி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த நாள், "எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?" மழை நின்றுவிட்டது. வார இறுதியில் இயக்ககத்துக்கு ஆண்டு விழா. மனுதாரர் அனைவருக்கும் இயக்குநர் தனித்தனியே வாழ்த்து அனுப்பியிருந்தார். அந்த வாழ்த்துக்கு இடம் கொடுக்க, தங்கை வந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்ற சேதியை அழித்தார்.

அதைக் கேட்டதும் கொழுந்தியாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "என்னப் பத்தி எங்க அக்கா எழுதினதையா? விட்டுத் தொலைங்க அத்தான் அந்த மனுவ! இருக்கிற பதினாறாச்சும் மிஞ்சும்."

"இப்ப விட்டா, போன நாலும் வீணாப் போனதா ஆயிடும்மா."

அவள் துடைப்பத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். எல்லா அலுவலகங்களும் இந்த ஒரு கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மூன்றாம் மாடியில் துணை இயக்குநரைப் பார்க்கச் சொன்னார்கள். நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். அவர் மேசைக்குப் பின்னால் பைண்டர் தைத்த பச்சைத் தொகுதிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. தன் கைவேலையைப் பார்த்ததும் பைண்டருக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

"செய்திய பாதுகாக்கிறது பெரிய விஷயமே இல்ல" என்றார் துணை இயக்குநர். "யார் வேணா பண்ணலாம். ஆனா பாதுகாக்கிற முறை இருக்கே, அதப் பாதுகாக்கிறதுதான் கஷ்டம். ராத்திரி பகலா நாங்க அதுக்குத்தான் உழைக்கிறோம். போன வருஷம் மட்டும் ஒன்பது லட்சம் ஓடிபி அனுப்பினோம். ஒண்ணு, ஒரே ஒண்ணு தொலைஞ்சிருக்குமா? கேளுங்க, கேளுங்க!"

"தொலைஞ்சுதுங்களா?"

"இல்ல!" என்று மேசையைத் தட்டினார். பிறகு குரலைத் தணித்தார். "உங்க மனுவுல ஒரே ஒரு குறை. அனுப்புநர் சம்மதம் இல்ல. அவங்க எழுதினத அவங்க சம்மதம் இல்லாம நாங்க எப்படி அச்சடிக்க முடியும்? தப்பில்லையா?"

"அவ போயிட்டா சார்."

"எங்க?"

பைண்டர் தன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். "போயிட்டா சார்."

"ஓ." துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். "அப்ப சம்மதம் வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாகும்."

சம்மதம் கேட்டு அவள் நம்பருக்குச் செய்தி போயிற்று. அதற்குப் பதில் வராததால் மூன்று நாள் தொடர்ந்து பைண்டருக்கு நினைவூட்டல் வந்தது. "அனுப்புநர் இன்னும் பதிலளிக்கவில்லை. தயவுசெய்து அவரை உடனே தொடர்புகொள்ளவும்." பைண்டர் மூன்றையும் உள்ளே விட்டார். மூன்றுக்கும் இடம் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, கிண்டின பசையையே மறுபடி கிண்டினார். முடிந்தால் தொடர்புகொண்டிருக்க மாட்டாரா?

நாலாம் நாள் இயக்ககம் நிலைமையைப் புரிந்துகொண்டது. "தங்கள் துணைவியாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று ஒரு செய்தி. அவள் செத்ததற்கு அழுகிற அந்தச் செய்தி உள்ளே வருவதற்காக, அவள் உயிரோடு எழுதிய ஒன்றை அழித்தார். கோபமா இருக்கேன், ஃபோன் பண்ணாதீங்க. அது போனதும், அடுத்து நின்ற "ஏன் ஃபோன் பண்ணல?" தனியாக, புதிதாக, அன்றைக்குத்தான் வந்ததுபோல நின்றது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஃபோனை மூடிவிட்டார்.

அப்புறம் நடந்ததையெல்லாம் விரித்தால் ஏடு கொள்ளாது. திட்டத்தின் பெயரை மாற்றினார்கள். எல்லாரும் மறுபடி பதிவு. இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்குக் கவுண்டர் மாறியது. மாறியதைத் தெரிவித்து ஒன்று, மாறியது தெரிந்ததா என்று ஒன்று. திரையின் கறையை ஆய்வுசெய்ய ஓர் அதிகாரி வந்தார். கறை உண்மையான கறைதான் என்று சான்று அளித்து, அந்தச் சான்றுக்கு ஒரு ஓடிபி அனுப்பினார். வெறுஞ்செய்தியை அழிக்கிற நாளில் பைண்டருக்கு விசித்திரமாக ஒரு தயக்கம். ஒன்றுமே இல்லாததை அழிப்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? சாயந்தரம் வரைக்கும் யோசித்தார்.

ஆக, உள்பெட்டியில் இயக்ககத்தின் ஆவணங்கள் பத்தொன்பது. அவளுடையது ஒன்று.

அது ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியது. என்னைய ஜன்னல் பக்கம் மாத்திட்டாங்க. நல்லா காத்து வருது. அவசரப்பட்டு ஓடி வராதீங்க, சாப்பிட்டுட்டு வாங்க.

அவர் சாப்பிட்டார். அவள் சொன்னாளே என்று உட்கார்ந்து, நிதானமாக, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் திறந்திருந்தது, காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது, அவள் இல்லை. பின்னே அந்தச் சோற்றை எப்படி ஜீரணித்தார் என்று கேட்டால், அந்தச் செய்தியைத் தினமும் படித்துப் படித்துத்தான். அவளே சொன்னதுதானே, அவளே சொன்னதுதானே என்று.

பெயர் மாறிய திட்டத்தில் கடைசிப் படிக்கு வந்த முதல் மனுதாரர் பைண்டர்தான் என்று இயக்ககம் கண்டுபிடித்தது. அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். தரைத்தளத்தில் மேடை, பூச்செண்டு, மைக். பைண்டரைத் துவைத்த சட்டையோடு மேடையேற்றி, துணை இயக்குநர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"எங்க முறை கடினம்னு சில பேர் சொல்றாங்க" என்று மைக்கில் சிரித்தார் துணை இயக்குநர். "கடினமா? இந்தப் பெரியவரப் பாருங்க. பழைய ஃபோன். இருபதே செய்திக்குத்தான் இடம். அப்படியும் பத்தொன்பது படி ஏறிட்டாரு! இருபதாவது ஓடிபி இதோ வாசல்ல நிக்குது."

"சார், இது மட்டும் வேண்டாம் சார்" என்றார் பைண்டர் மெதுவாக. "மனுவே வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்."

"கூச்சப்படறாரு" என்றார் துணை இயக்குநர் கூட்டத்திடம். "குடுங்க ஐயா, நானே உதவி பண்றேன். எவ்வளவு சுலபம்னு எல்லாரும் பாக்கட்டும்."

வாங்கினார். காடாத் துணி ஒட்டிய மூடியைத் திறந்தார். ஒரு பொத்தான், இன்னொரு பொத்தான். "அவ்வளவுதான்!" என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் தட்டும்போது பைண்டரின் கையும் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை தட்டிவிட்டது. பிற்பாடு எதை நினைத்து அழுதாரோ இல்லையோ, அந்த இரண்டு தட்டலை நினைத்து நினைத்து அழுதார்.

மறு மாதம் அவர் தொகுதியின் தாள்கள் அவர் கடைக்கே பைண்டுக்கு வந்தன. அதே நல்ல காகிதம். வாழ்நாளில் முதல் தடவையாக மடிப்பைப் பிரித்துப் படித்தார். முதல் பக்கத்தில் ஆறு இலக்க எண். இரண்டாம் பக்கத்தில் ஆறு இலக்க எண். மூன்றாம் பக்கத்தில், எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா? பிறகு ஆண்டு விழா வாழ்த்து, நினைவூட்டல் மூன்று, இரங்கல். தேதி, நேரம், வந்தது வந்தபடி. இருபதாம் பக்கத்தில், கடைசி எண்ணுக்குக் கீழே முத்திரை: "தங்கள் செய்திகள் இருபதும் பத்திரமாக உள்ளன."

அடுத்த கட்டைப் பிரித்தார். வேறு யாரோ ஒருவருடையது. எண், எண், வாழ்த்து, எண். அதற்கடுத்ததும் அதேதான். முந்நூற்று நாற்பது தொகுதிகளை முதுகு தைத்து, பொன்னெழுத்து வைத்து, ஒரு வரி படிக்காமல் அனுப்பி வைத்திருக்கிறார்.

போய்க் கேட்காமல் இல்லை. கவுண்டர் அம்மாள் பொறுமையாகவே பதில் சொன்னாள். "இருபது குடுத்தீங்க, இருபது இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க."

திரும்பி வந்து, எடுத்த வேலையைக் குறை வைக்காமல் அந்தத் தொகுதியை பைண்டு செய்து அனுப்பினார். பிறகு இருபது தாளை வெட்டிக் கொழுந்தியாள் முன்னால் வைத்தார். அவள் கையெழுத்து அக்காள் கையெழுத்து மாதிரியே சாயும்.

"நான் சொல்றேன், நீ எழுதும்மா."

"நகல் எடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அத்தான்."

"அசல் இருந்தாத்தானே நகல்."

அவள் எழுதினாள். மழை வருது. சாவி பக்கத்து வீட்டுல. ஏன் ஃபோன் பண்ணல. தன்னைப் பற்றிய வரி வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். வெறுஞ்செய்திக்கு ஒரு தாளை வெறுமையாகவே ஒதுக்கினார்கள். சாப்பிட்டுட்டு வாங்க என்பதைப் பாதி சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்து வந்து மீதியைச் சொன்னார். அவள் தலை நிமிராமல் காத்திருந்து எழுதினாள். பத்தொன்பது ஆயிற்று.

"இன்னொண்ணு?"

பைண்டர் விரல் விட்டு எண்ணினார்.

"முதல்ல அழிச்சேனே, அது. நூலு... ரெண்டு கண்டு வாங்கிட்டு வான்னு. ஏதோ ஒரு கலர் வேணும்னா. ஏதோ ஒண்ணு வேண்டாம்னா. என்னமோ காரணம்கூடச் சொல்லியிருந்தா." நெற்றியைத் தேய்த்தார். "வெள்ளையா? பழுப்பா?"

"ஏதாவது ஒண்ணு எழுதிடலாமே அத்தான். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவ சொல்லாதத அவ சொன்னான்னு எழுதக் கூடாதும்மா."

அந்தத் தாளும் வெறுமையாகவே நின்றது. இருபதில் இரண்டு வெறுந்தாள். ஒன்று அவள் அனுப்பியது. மற்றது அவர் தொலைத்தது.

என்ன நிறம் என்று நமக்குத் தெரிகிறது. எட்டிச் சொல்லத்தான் வழியில்லை.

இருபது தாளையும் தட்டிச் சமன்செய்து, முதுகில் துளையிட்டுத் தைக்க உட்கார்ந்தார். அவள் தைக்கிற இடத்தில், அவளுடைய தையல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழுப்பு இல்லை. ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தார். வெள்ளை அங்கே நிறையக் கிடந்தது.